டாப் 5 பேய் எபிசோடு... லைட்டைப் போட்டுட்டுப் படிங்க!

அக்டோபர் மாசக் கடைசி வந்தா போதும், டி.வி.யிலயும் போனுலயும் பூசணிக்காய் பல்லைக் காட்ட ஆரம்பிச்சிடுது. ஹாலோவீன்! அமெரிக்கப் பசங்க சூனியக்காரி வேஷம் கட்டிக்கிட்டு வீடு வீடா மிட்டாய் வசூல் பண்ற பண்டிகை. 'இது நமக்கெதுக்கு பாஸ், நாம வில்லியனூரு, பாகூரு பார்ட்டி'ன்னு நீங்க முணுமுணுக்குறது கேக்குது.

கொஞ்சம் யோசிங்க. பூசணிக்காயில பேய் மூஞ்சி வரையிறது நமக்கு என்ன புதுசா? வீடு கட்டுறப்ப கோரைப்பல்லு, முட்டைக்கண்ணு, தொங்குற நாக்குன்னு பெயின்ட் அடிச்சு முன்னால தொங்க விடுறோமே, அது என்னவாம்? அவங்களுக்கு வருஷத்துல ஒரு நாள்தான் ஹாலோவீன். நமக்கு 365 நாளும்! ஆயுத பூஜைக்கு மறுநாள் நடுரோட்டுல உடைஞ்சு கிடக்குற பூசணியில டூ வீலர் வழுக்கும் பாருங்க, அதுதான் ஒரிஜினல் திகில்.

வேஷம் கட்டுறதும் அப்படித்தான். மாசி மாசம் சிவராத்திரி முடிஞ்சு வர்ற அமாவாசையை ஒட்டி அங்காளம்மன் கோயில்கள்ல மயானக் கொள்ளை. மேல்மலையனூர்ல ஆரம்பிச்சு நம்ம பக்கத்துக் கிராமங்கள் வரைக்கும் முகத்துல வண்ணம் பூசி, காளி வேஷம் கட்டி, ஆடிக்கிட்டே சுடுகாட்டுக்குப் போவாங்க. காய்கறி, தானியம், காசுன்னு வாரி இறைப்பாங்க. சிவனோட கையில ஒட்டிக்கிட்ட பிரம்மகபாலத்தை அம்மன் அடக்கின கதைதான் இதுக்கு மூலம். ஆக, வேஷம் பிளஸ் சுடுகாடு பிளஸ் சாப்பாட்டுப் பொருள். ஹாலோவீனுக்கு வேணுங்கிற ஐட்டம் எல்லாம் ஏற்கெனவே நம்ம கையில!

இன்னொரு விஷயம். ஹாலோவீன்ங்கிற பேருக்கு அர்த்தமே 'புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரி'. நவம்பர் 1 அனைத்துப் புனிதர்கள் திருநாள், நவம்பர் 2 கல்லறைத் திருநாள். வில்லியனூர் மாதா கோயில் பக்கம் இருக்குறவங்களைக் கேளுங்க. கல்லறையைக் கழுவி, பூ வச்சு, மெழுகுவத்தி ஏத்துற அந்தச் சாயங்காலத்துல பயம் இருக்காது, பாசம்தான் இருக்கும். நடுவுல வர்ற நவம்பர் 1 நமக்கு விடுதலை நாள் வேற. 1954 அக்டோபர் 18ல வில்லியனூர் கொம்யூன் கீழூர்ல 178 பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு, 170 பேர் இந்தியாவோட சேரணும்னு சொல்ல, நவம்பர் 1ல நிர்வாகம் பிரெஞ்சுக்காரங்க கையில இருந்து மாறுச்சு. அதனால அக்டோபர் 31 ராத்திரி பேய்க்கு லீவு விட நமக்கும் ஒரு நியாயம் இருக்கு!

சரி, மேட்டருக்கு வருவோம். அமெரிக்க டி.வி.யில புது சீசன் பெரும்பாலும் செப்டம்பர்ல ஆரம்பிக்கும். அஞ்சாவது, ஆறாவது எபிசோடு வர்றப்ப கரெக்டா ஹாலோவீன். அதனால காமெடி சீரியலோ குடும்ப சீரியலோ, அந்த வாரம் ஒரு பேய் ஸ்பெஷல் கட்டாயம். நம்ம மெகா சீரியல்ல கல்யாண எபிசோடு, வளைகாப்பு எபிசோடு வர்ற மாதிரி. அதுல இருந்தும், நம்ம ஊர்ல இருந்தும் நான் பொறுக்குன டாப் 5 இதோ...

5. பிங்க் முயல் சாண்ட்லர்

'ஃப்ரெண்ட்ஸ்' எட்டாவது சீசன். 2001 நவம்பர் 1ல அமெரிக்காவுல ஒளிபரப்பான எபிசோடு. மோனிகா வீட்டுல ஹாலோவீன் பார்ட்டி. கணவன் சாண்ட்லருக்கு ஆசையா அவ வாங்கிட்டு வந்த டிரெஸ் என்னன்னு பார்த்தா பிங்க் கலர் முயல்! ராஸ் உருளைக்கிழங்கும் ஸ்புட்னிக் சாட்டிலைட்டும் கலந்த ஒரு வேஷத்துல வந்து எல்லாருக்கும் விளக்கம் சொல்லியே டயர்டாயிடுவார். ஜோயி 'நான்தான் சாண்ட்லர்'னு சொல்லிட்டு வருவான்.

இதுல பேயும் இல்ல, பயமும் இல்ல. அப்புறம் ஏன் லிஸ்ட்ல? வேஷத்தோட அடிப்படை விதி இதுல பளிச்சுன்னு தெரியுது. போட்டவனுக்கும் அது வேஷம்னு தெரியும், பார்க்குறவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு விளையாடுறாங்க. காளி வேஷம் கட்டுறவரு மறுநாள் நம்ம கூடவே டீ குடிக்கிற மாதிரி. இந்த விதியைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்குங்க. கீழே தேவைப்படும்.

4. மஞ்சள் மூஞ்சிக் குடும்பத்தின் பேய் வீடு

'தி சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன்ல வருஷா வருஷம் வர்ற 'ட்ரீஹவுஸ் ஆஃப் ஹாரர்'. முதல் ஸ்பெஷல் 1990 அக்டோபர்ல வந்துச்சு. ஒரே எபிசோடுக்குள்ள மூணு குட்டிக் கதை. அன்னிக்கு மட்டும் சீரியலோட சட்டம் எதுவும் செல்லாது. ஹோமர் சாகலாம், வேற்றுக்கிரகவாசி குடும்பத்தையே தூக்கிட்டுப் போகலாம், அடுத்த வாரம் எல்லாரும் ஒண்ணுமே நடக்காத மாதிரி சோபாவுல உக்காந்திருப்பாங்க.

அந்த முதல் எபிசோடோட மூணாவது கதை, எட்கர் ஆலன் போ எழுதின 'தி ரேவன்' கவிதை. 1845ல வந்த கவிதையை அப்படியே கார்ட்டூனா ஆக்கிட்டாங்க. இங்கிலீஷ் மேஜர் மக்கா, சிலபஸ்ல அதைப் பார்த்து அலறுறீங்களே, ஒரு தடவை இதைப் பாருங்க. நோட்ஸ் தேவையில்ல. பெரிய இலக்கியத்தைச் சின்னப் பசங்க கார்ட்டூனுக்குள்ள கொண்டு போற தைரியத்துக்கே நாலாவது இடம்.

3. வராத பூசணிச்சாமிக்குக் காத்திருந்த பையன்

1966 அக்டோபர் 27ல சி.பி.எஸ். சேனல்ல வந்த 'இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்'. அரை மணி நேரக் கார்ட்டூன்தான். லைனஸ்னு ஒரு பையன். ஹாலோவீன் ராத்திரி பூசணித் தோட்டத்துல இருந்து 'மகா பூசணி' எழுந்து வந்து பரிசு கொடுக்கும்னு நம்புறான். மத்த பசங்க பலரும் மிட்டாய் வாங்கப் போயிட, இவன் குளிர்ல விடிய விடியக் காத்துக்கிட்டு இருக்கான். பூசணி வரலை. வந்தது சார்லி பிரவுனோட நாய். நம்ம சார்லி பிரவுன் கதை அதை விடச் சோகம். எல்லார் பையிலயும் மிட்டாய் விழ, அவன் பையில மட்டும் ஒவ்வொரு வீட்டுலயும் கல்லு விழும்!

இதுல என்னைப் பிடிச்ச இடம் எது தெரியுமா? விடியற நேரத்துல லைனஸோட அக்கா லூஸி எழுந்து தோட்டத்துக்குப் போறா. பகல் முழுக்க அவனைக் கிண்டல் பண்ணினவதான். குளிர்ல நடுங்கிட்டுத் தூங்குற தம்பியை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, ஷூவைக் கழட்டிப் படுக்க வைக்கிறா. வசனமே கிடையாது. அவன் நம்புனது தப்பா சரியான்னு அந்த நேரத்துல அவ பாடம் நடத்தலை. முதல்ல போர்வை. இதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

2. பிபிசி விட்ட பேய்

1992 அக்டோபர் 31 ராத்திரி. பிபிசியில 'கோஸ்ட்வாட்ச்'னு ஒரு நிகழ்ச்சி. லண்டன்ல ஒரு சாதாரண வீட்டுல பேய் இருக்காம், அதை லைவ்வா காட்டப் போறாங்களாம். ஸ்டூடியோவுல உக்காந்திருக்கிறது மைக்கேல் பார்க்கின்சன். அங்க ரொம்ப மரியாதையான டி.வி. முகம். களத்துல சாரா கிரீன். சின்னப் பசங்களுக்குப் பழகின அக்கா. போன் நம்பர் கொடுத்து 'கூப்பிடுங்க'ன்னு சொல்றாங்க. நிகழ்ச்சி போகப் போக பேய் வீட்டை விட்டு ஸ்டூடியோவுக்கே வந்துடுது!

உண்மை என்னன்னா, எல்லாமே முன்னாடியே எழுதி, ஒத்திகை பார்த்து, ரெக்கார்டு பண்ணின நாடகம். எழுதினவர் பேரு ஸ்டீபன் வோக். ஆனா நடுவுல இருந்து பார்க்க ஆரம்பிச்சவங்களுக்கு அது தெரியலை. பிபிசிக்குப் போன் மேல போன். சின்னப் பிள்ளைங்க தூங்க மாட்டேங்குதுன்னு புகார். அதுக்கப்புறம் பிபிசி அதைத் தன்னோட சேனல்ல மறுபடி போடவே இல்லை.

படமா பார்த்தா மிரட்டல். டெக்னிக் எல்லாம் செம. ஆனா அஞ்சாம் நம்பர்ல சொன்ன விதியை இது உடைச்சிடுச்சு. பார்க்குறவனுக்கு இது வேஷம்னு தெரியாது. நம்ம சேனல்கள்ல ராத்திரி பத்து மணிக்கு மேல 'நிஜ பேய்', 'நேரடி ரிப்போர்ட்'னு வந்துச்சே, அதெல்லாம் இந்த ஜாதிதான். பச்சை கலர் கேமரா, நடுங்குற மைக், ஒரு பாழடைஞ்ச பங்களா, பின்னாடி நாய் ஊளை. ஒரு வித்தியாசம்: கோஸ்ட்வாட்ச் ஒரு ராத்திரியோட முடிஞ்சது. இது வாரா வாரம் வந்துச்சு. அங்க பேய்க்கு நடிகர்கள் இருந்தாங்க. இங்க பல தடவை கேமரா முன்னால தலைவிரிச்சு ஆடினது ஒரு நிஜமான பொண்ணு. அவ முகத்தை மறைக்கணும்னுகூட யாருக்கும் தோணலை.

1. விடாது கருப்பு!

வேற யாருக்கு முதலிடம்? 'மர்ம தேசம்'னு சொன்னாலே இன்னிக்கும் வீட்டுல சித்தப்பா, அத்தை எல்லாம் போனை வச்சுட்டுத் திரும்பிப் பார்ப்பாங்க. 1990கள்ல சன் டி.வி.யில வாரத்துக்கு ஒரு நாள். கே.பாலசந்தரோட மின்பிம்பங்கள் தயாரிப்பு, நாகா இயக்கம், இந்திரா சௌந்தர்ராஜன் கதை. முதல்ல 'ரகசியம்', அப்புறம் 'விடாது கருப்பு'. அவரோட 'விட்டு விடு கருப்பா' நாவல்தான் சீரியலாச்சு. சேத்தன், தேவதர்ஷினி ரெண்டு பேரும் இதுல நடிச்சுதான் வீடு வீடாப் போய்ச் சேர்ந்தாங்க. அப்புறம் நிஜ வாழ்க்கையிலயும் ஜோடியானாங்க.

கதை? ஊரைக் காவல் காக்குற கருப்புசாமி. தப்பு பண்றவன் ஒவ்வொருத்தனா சாகுறான். 'கருப்பு தண்டிச்சிடுச்சு'ன்னு ஊரு கன்னத்துல போட்டுக்குது. ராத்திரியில வெள்ளைக் குதிரை பாயுற சத்தம். அவ்வளவுதான். கிராபிக்ஸ் பெருசா கிடையாது. குதிரைக் குளம்படிச் சத்தத்தை வச்சே தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் போர்வைக்குள்ள தள்ளினாங்க. ஊர்க்கோடியில குதிரை மேல அய்யனாரும் பக்கத்துல கருப்பும் நிக்கிற ஊர்க்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க! எபிசோடு முடிஞ்சு கொல்லைப்பக்கம் போறதுக்குத் துணைக்கு ஆள் தேடின தலைமுறை அது.

ஆனா பயமுறுத்தினதுக்காக மட்டும் இதுக்கு முதலிடம் கொடுக்கலை. கடைசியில முடிச்சு அவிழுறப்ப அந்தத் 'தண்டனை'களுக்குப் பின்னால இருந்தது சாமியும் இல்ல, பேயும் இல்ல. உடைஞ்சு ரெண்டா பிளந்துபோன ஒரு மனுஷ மனசு. யாருன்னு சொல்ல மாட்டேன், கவிதாலயா யூடியூப்ல போட்டிருக்காங்க, பார்த்துக்குங்க. 'அந்நியன்', 'சந்திரமுகி' ரெண்டும் வந்தது 2005ல. அதுக்குப் பல வருஷம் முன்னாடியே 'ஒரே உடம்புக்குள்ள ரெண்டு ஆள் இருக்குற மாதிரி ஒரு மனநோய் உண்டு'ன்னு நம்ம ஆயாவுக்கும் புரியுற மாதிரி இந்த சீரியல் சொல்லிடுச்சு. சாமி கும்பிடுறவங்களைக் கிண்டலும் பண்ணலை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர்ல காலமானப்ப, எத்தனையோ பேர் தங்களோட சின்ன வயசு பயத்தைத்தான் அஞ்சலியா எழுதினாங்க.

கரன்ட் வந்தப்புறம்...

லிஸ்ட் முடிஞ்சுது. ஆனா மேட்டர் முடியலை மக்களே. டி.வி.யை ஆஃப் பண்ணிட்டு ஊருக்குள்ள வாங்க.

நல்லா படிச்சிக்கிட்டு இருந்த பொண்ணு திடீர்னு யார்கூடவும் பேச மாட்டேங்குது. ராத்திரியில தனியா சிரிக்குது, அழுவுது. இல்லைன்னா காலேஜ் போயிட்டு வந்த பையன் 'என்னை யாரோ பின்தொடர்றாங்க'ன்னு கதவைச் சாத்திக்கிறான். உடனே என்ன பேச்சு வரும்? 'உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போயிருக்கும். காத்து கருப்பு அடிச்சிருச்சு.' வேப்பிலை வரும், உடுக்கை வரும், விபூதி வரும். அதுல தப்பில்ல, சாமி முன்னால நின்னா மனசுக்கு ஒரு தெம்புதான். ஆனா பிரம்பு வந்தா? மொளகா புகை வந்தா? மாசக்கணக்கா சங்கிலி வந்தா?

இது கதை இல்ல. 2001 ஆகஸ்ட் 6, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தனியார் காப்பகம் ஒண்ணுல விடியற்காலையில தீ. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியில கட்டப்பட்டிருந்ததால தப்பிச்சு ஓட முடியலை. 28 பேர் செத்துப் போனாங்க. அவங்கள்ல பலரை சொந்தக்காரங்க அங்க கொண்டு போய் விட்டது பாசத்தாலதான். பேய் போயிடும், சரியாயிடும்னு நம்பிக்கையிலதான். சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கை எடுத்துச்சு. பின்னாடி அதே ஏர்வாடியில தர்கா பிரார்த்தனையோட மருந்தும் சேர்ந்து கிடைக்கிற மாதிரி ஏற்பாடு வந்துச்சு. 2017 மனநல பராமரிப்புச் சட்டப்படி மனநோயாளியைச் சங்கிலியில கட்டுறது, எந்த விதத்துல கட்டினாலும், தடை.

'பேய் பிடிச்சது'ன்னு நாம சொல்றதுக்குள்ள பல விஷயம் ஒளிஞ்சிருக்கு. ஒண்ணு வலிப்பு. அது மூளையில நடக்குற மின்சாரக் கோளாறு, கையில இரும்புச் சாவி கொடுத்தா நிக்காது. வாயில எதையும் திணிக்காம, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல போனா ஆஸ்பத்திரி. இன்னொண்ணு மனச்சிதைவு. இல்லாத குரல் கேக்கும், ஆனா கேக்குறவங்களுக்கு அது நிஜம். எவ்வளவு சீக்கிரம் மருந்து ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. காலேஜ் படிக்கிற வயசுலதான் இது அதிகமா தலைகாட்ட ஆரம்பிக்கும்ங்கிறதால நமக்குத்தான் இது முதல்ல தெரிஞ்சிருக்கணும்.

மூணாவது வகைதான் ரொம்பக் கொடுமை. சீரியல்ல பேய் ஏன் எப்பவும் வெள்ளைச் சேலை கட்டின பொண்ணாவே இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? உசிரோட இருக்குறப்ப அவ பேச்சு எடுபடலை. செத்தப்புறம்தான் கேக்குறாங்க. ஊருக்குள்ளயும் அதேதான். 'இந்தக் கல்யாணம் வேணாம்பா, நான் படிக்கணும்'னு சாதாரணமா சொன்னா அறை விழும். அதையே சாமி வந்தோ பேய் வந்தோ சொன்னா, பெரியவங்க கை கட்டிக் கேப்பாங்க. அவ வேணும்னு நடிக்கிறான்னு அர்த்தம் இல்ல. சொல்ல வழியே இல்லாத மனசு, தனக்கே தெரியாம தேடிக்கிற கதவு அது. சந்திரமுகி படத்துல எல்லாருக்கும் ஞாபகம் இருக்குறது அந்த டான்ஸ். ஆனா அதுல ரஜினி செஞ்ச கேரக்டர் என்ன? மனநல டாக்டர்! சூப்பர் ஸ்டாரே டாக்டரா வந்து சொன்னப்புறமும் நாம பிரம்பைத்தான் தேடுறோம்.

நாம என்ன பண்ணலாம்? பெரிய புரட்சி வேணாம். பக்கத்து வீட்டுல இப்படி ஒண்ணு நடந்தா 'மூடநம்பிக்கை'ன்னு பெரியவங்ககிட்ட சண்டைக்குப் போகாதீங்க. கதவு சாத்திடும். 'அத்தை, கோயிலுக்கும் போங்க, கூடவே ஒரு எட்டு ஜிப்மருக்கும் போயிட்டு வந்துடலாம், நானும் வர்றேன்'னு சொல்லிப் பாருங்க. கோரிமேட்டுல ஜிப்மர்ல மனநலப் பிரிவு இருக்கு. பாகூர்ல இருந்து பஸ்ஸு மாறித்தான் போகணும். அந்த முதல் நாள் துணைக்குப் போற ஆள்தான் முக்கியம். போக முடியலைன்னா 14416. மத்திய அரசோட டெலி மானஸ் நம்பர், 2022 அக்டோபர்ல தொடங்கினது. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், பேரு சொல்லணும்னு கட்டாயமும் இல்ல. ஹாஸ்டல் ரூம்ல தூக்கம் வராம முழிச்சுக்கிட்டிருக்குற உங்களுக்கும் அதே நம்பர்தான்.

லூஸியை ஞாபகம் இருக்கா? தம்பி நம்புன பூசணிச்சாமி உண்டா இல்லையான்னு அவ விவாதம் பண்ணலை. முதல்ல போர்த்தி விட்டா.

பேய் ஓட்டுறப்ப பூசாரி மிரட்டிக் கேக்குற முதல் கேள்வி என்ன? 'யாரு நீ?' அந்தக் கேள்வியை சீரியலுக்கே விட்டுடுவோம். நம்ம வீட்டுப் பொண்ணுகிட்ட, நம்ம கிளாஸ் பையன்கிட்ட நாம கேக்க வேண்டியது வேற...

'உனக்கு என்ன ஆச்சும்மா?'